ஸ்நார்க்கல், புல் பாய், பீப் கருவி: இரண்டு வருடம் நீந்திப் பார்த்த பிறகு

நிற்காமல் ஒரு கிலோமீட்டர் ப்ரீஸ்டைல் நீந்த முடிகிறது, ஆனால் வேகம் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அப்போது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 35 விநாடி. எவ்வளவு முக்கினாலும் அதற்குக் கீழே போகாது. சென்னையில் ஒரு 25 மீட்டர் குளம், காலை பேட்ச், வாரத்துக்கு மூன்று நாள். அங்கேதான் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அதே ஒரு கிலோமீட்டரை 100-க்கு 2:10 என்ற வேகத்தில் முடிக்கிறேன்.

எல்லாவற்றிலும் காசுக்கு உருப்படியானது ஸ்நார்க்கல், அதாவது முகத்தைத் தண்ணீரிலேயே வைத்தபடி மூச்சு விட உதவும் குழாய். கடலில் மீன் பார்க்கப் போகிறவர்கள் போடுவது போலப் பக்கவாட்டில் வளையும் ரகம் இல்லை. மூக்குக்கு நேராக ஏறி, நெற்றி வழியாக மேலே போகிற நடுக்குழாய் ரகம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நம்மைப் போன்றவர்களின் பாதிக் கோளாறு மூச்சில்தான் ஆரம்பிக்கிறது. காற்றுக்காகத் தலையைத் தூக்குகிறோம். தலை ஏறியதும் இடுப்பு இறங்குகிறது, கால் தொங்குகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு சுமார் நாலு மடங்காகும். தொங்கும் உடம்போடு இதைக் கை பலத்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பது வீண். ஸ்நார்க்கல் போட்டால் தலையைத் திருப்பவே வேண்டாம். பார்வை தரையில் இருக்கும், பின்னந்தலை நீர்மட்டத்தில் இருக்கும், இடுப்பு தானாக மேலே வரும்.

இன்னொரு லாபம், உங்கள் கையை நீங்களே பார்க்கலாம். என் இடது கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போகிறது என்று கோச் பலமுறை சொல்லியிருந்தார். கண்ணால் பார்த்த அன்றுதான் அது மண்டையில் ஏறியது. அதேபோல, இழுப்பு தொடங்கும்போது முழங்கை மேலேயே நிற்க வேண்டும், விரல்நுனி தரையைப் பார்த்து இறங்க வேண்டும், முழங்கையிலிருந்து விரல் வரை எல்லாம் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். நேராக நீட்டிய கையால் தண்ணீரைக் கீழே அமுக்கினால் உடம்பு மேலே எழும்பும், முன்னால் போகாது. இதையெல்லாம் மூச்சுக் கவலை இல்லாமல் நாற்பது ஐம்பது மீட்டர் கவனிக்க முடிவது பெரிய விஷயம்.

குறையும் இருக்கிறது. முதல் சில வாரம் மூக்கில் தண்ணீர் ஏறி உயிரை வாங்கும். மூக்கு கிளிப் போடலாம், இல்லையென்றால் மூக்கு வழியாகவும் கொஞ்சம் காற்றை விட்டுக்கொண்டே இருக்கப் பழக வேண்டும். குழாயில் தங்கும் பழைய காற்று மறுபடி உள்ளே வருவதால் அரைகுறையாக மூச்சு விட்டால் சீக்கிரம் மூச்சு முட்டும். முழுதாக ஊதித் தள்ளியாக வேண்டும். இதில் பழகிய பிறகு, ஸ்நார்க்கல் இல்லாதபோதும் தண்ணீருக்குள்ளேயே மூச்சை விட்டு முடிக்கும் வழக்கம் வந்துவிட்டது. 200 மீட்டர் தாண்டியதும் வரும் அந்தப் படபடப்பு போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குளோரினில் ரப்பர் பட்டை இறுகிப்போய் ஒருநாள் அறுந்தது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எப்போதும் இதைப் போட்டுக்கொண்டே நீந்தாதீர்கள், பக்கவாட்டு மூச்சு மறந்துபோகும். நான் மொத்தத் தூரத்தில் கால்வாசிக்கு மேல் போடுவதில்லை.

அடுத்தது புல் பாய், காலை மிதக்கவைக்கும் நுரைத்துண்டு. தொடைக்கு நடுவில் வைத்தால் கால் மிதக்கும், நேரம் உடனே குறையும், மனசு குளிரும். அதுதான் சிக்கல். இடுப்பைத் தூக்கியது அந்தத் துண்டு, நாம் இல்லை. பேட்ச் முழுக்க அதோடே நீந்துகிற ஆட்களை எல்லாக் குளத்திலும் பார்க்கலாம். நான் பயன்படுத்தும் விதம் இது: 50 மீட்டர் பாயோடு, உடனே 50 மீட்டர் பாய் இல்லாமல், இரண்டிலும் கைவீச்சு எண்ணிக்கை ஒன்றாக வரப் பார்ப்பது. கணுக்கால் நடுவில் வைத்தும் பாருங்கள், வயிறும் இடுப்பும் எவ்வளவு தளர்வு என்று உடனே தெரிந்துவிடும்.

பெரிய பேடில், அதாவது உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு, வாங்காதீர்கள். தோள்பட்டையின் முன்பக்கம் வலி வந்தால் சீக்கிரம் போகாது. உள்ளங்கையைவிடச் சிறியதாக, மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் விரல் பட்டை மட்டும் உள்ளது போதும். கை தப்பான கோணத்தில் நுழைந்தால் அதுவே கழன்றுவிடும். குட்டை ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) பரவாயில்லை, முட்டியிலிருந்து சைக்கிள் மிதிப்பது போல உதைப்பவர்களுக்கு இடுப்பிலிருந்து உதைக்கக் கற்றுத்தரும். ஆனால் கணுக்கால் விறைப்புக்கு அது மருந்தில்லை. தினம் கொஞ்ச நேரம் முட்டிபோட்டுக் குதிகாலில் உட்காருவது இலவசம்.

பீப் கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேப்புக்குள் காதோரம் செருகினால் வைத்த இடைவெளியில் பீப் அடிக்கும், ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு கை நுழைய வேண்டும். 1.3 விநாடியில் வைத்து ஆரம்பித்தேன், அப்போது ஒரு லேப்புக்கு, அதாவது 25 மீட்டருக்கு, 26 வீச்சு. இன்றும் அதே 1.3-தான், வீச்சு 21. அதாவது கை வேகமாகச் சுற்றவே இல்லை, ஒவ்வொரு வீச்சிலும் போகிற தூரம்தான் கூடியிருக்கிறது. எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்று கையை முன்னால் நீட்டிவைத்துச் சும்மா சறுக்குகிறவர்களையும் இது பிடித்துவிடும். பீப் அடித்துவிடும், கை இன்னும் முன்னாலேயே நிற்கும்.

ஸ்மார்ட் வாட்ச் லேப் எண்ணுவதற்குச் சரி. ஒரு கையை நீட்டிவைத்து டிரில் செய்தாலோ, பலகை பிடித்து உதைத்தாலோ கணக்குக் குழம்பும். நடு லேனில் யாராவது குறுக்கே வந்து நின்றாலும் அதே கதி. எனக்கு அது ஸ்டாப்வாட்ச் மட்டுமே.

அந்த ஸ்டாப்வாட்சை வைத்துச் செய்த சி.எஸ்.எஸ் (கிரிட்டிக்கல் ஸ்விம் ஸ்பீடு, சோர்ந்துவிடாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம்) சோதனை, மேலே சொன்ன பல சாமானைவிடப் பயனுள்ளது. 400 மீட்டர் முழு முயற்சியில், நன்றாக ஓய்வெடுத்த பிறகு 200 மீட்டர். இரண்டு நேரத்தின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100-க்கான வேகம் கிடைக்கும். எனக்கு முதலில் 9:40, 4:40 வந்தது. வித்தியாசம் 300 விநாடி, அப்படியானால் 2:30. அந்த வேகத்தில் எட்டு முறை நூறு மீட்டர், நடுவில் 20 விநாடி ஓய்வு. முதல் இரண்டு நூறு சுலபமாகத் தோன்றும், ஆறாவதில் முழங்கை தாழ ஆரம்பிக்கும். எந்த நூறில் தாழ்கிறது என்று பார்ப்பதுதான் என் அளவுகோல். ஒரு மணி நேரமும் ஒரே நடுவாந்தர வேகத்தில் போய்வந்தால் உடற்பயிற்சி ஆகும், வேகம் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்கிறேன்.

கூட்டமான பொது பேட்ச் என்றால் எட்டு நூறு கனவுதான், ஓரச்சுவரை ஒட்டி ஐம்பது ஐம்பதாகச் செய்யலாம். சில குளங்களில் ஃபின்ஸும் பேடிலும் அனுமதி இல்லை, வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு சாமானுக்குத்தான் காசு என்றால் ஸ்நார்க்கல், இரண்டாவதுக்கு இருந்தால் பீப் கருவி. என் பேடில் பையின் அடியில் கிடக்கிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன்.