சாம்பல் படைக்கு வேகமாக வண்ணம் ஏற்ற: ஸ்ப்ரேயா, கான்ட்ராஸ்ட்டா, ஸ்லாப்சாப்பா, டிப்பா?

மேசைப் போர் விளையாட்டுக்கு ஒரு பெட்டி விண்வெளி வீரர்களை வாங்கினால், வெட்டி ஒட்டும் வேலை எப்படியோ முடிந்துவிடும். பெயிண்ட்தான் பாக்கி நிற்கும். முப்பது நாற்பது பேர் சாம்பல் பிளாஸ்டிக்காகவே மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். வார்ஹாமர் 40,000 விளையாட்டில் 2020-இல் ஒன்பதாம் பதிப்பு வந்தபோது, மொத்தம் 100 புள்ளிகளில் 10 புள்ளியை முழுதாகப் பெயிண்ட் அடித்த படைக்கென்றே ஒதுக்கினார்கள். அந்தப் பத்துக்காகவே பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர்கள் உண்டு.

போட்டியில் பரிசு வாங்கும் வேலைப்பாடு வேறு விஷயம், அதை இங்கே விட்டுவிடுவோம். எதிரே நிற்பவர் ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும்போது படை படையாகத் தெரிய வேண்டும், அதுவும் சீக்கிரம் முடிய வேண்டும். இதற்கு இன்று நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. கலர் ஸ்ப்ரே அடித்து வாஷ் ஊற்றுவது, கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட், ஸ்லாப்சாப், டிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருக்கிறது, ஒவ்வொரு கட்சியும் தன் வழிதான் வேகம் என்று சத்தியம் செய்யும். என் கணக்கு வேறு. உங்கள் வீரனின் உடம்பு வழவழப்பான கவசமா, மடிப்பு விழுந்த துணியா, எலும்பும் செதிலுமா என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

கலர் ஸ்ப்ரேயும் வாஷும்

நான்கில் பழையது இதுதான் என்றாலும் கவச வீரர்களுக்கு இன்னும் இதுவே முதலிடம். கறுப்பு பிரைமருக்கு (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) பதிலாகப் படையின் முக்கிய நிறத்திலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டால், வேலையில் முக்கால்வாசி சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்பேஸ் மரீன் போன்ற உருவங்களில் தோள்பட்டை, முழங்கால், மார்பு எல்லாம் பெரிய வழவழப்பான தளங்கள். அங்கே ஒரே சீரான நிறம்தான் அழகு, அதை ஸ்ப்ரே கேன் மாதிரி பிரஷ் தராது.

அப்புறம் துப்பாக்கிக்குக் கறுப்பு, மூட்டுகளுக்கு அடர் சாம்பல், பெல்ட்டுக்குப் பழுப்பு. பிறகு வாஷ். இது தண்ணீர் மாதிரி ஓடும் அடர்நிறக் கலவை, பள்ளங்களில் இறங்கித் தங்கி நிழல் போலக் காயும். கவச வீரனுக்கு அதைத் தலையிலிருந்து கால்வரை ஊற்ற வேண்டாம். பிரஷ் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கவசத் தகடுகள் சேரும் கோட்டில் தொட்டால் போதும். அது தானாகவே கோடு நெடுக ஓடிப் போய்விடும். வழவழப்பான பகுதியில் சிந்தினால், காய்வதற்குள் ஈரப் பிரஷ்ஷால் ஒற்றி எடுங்கள். விட்டால் ஓரம் கறுத்த வட்டமாகக் கறை நிற்கும். வார்ஹாமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் சிட்டாடல் பெயிண்ட்களில், ஷேட் என்ற பெயரில் வரும் வாஷ் வகைகளின் கலவையை 2022-இல் மாற்றினார்கள். புதியதில் இந்தக் கறைத் தொல்லை முன்பைவிடக் குறைவு, ஆனால் அடியோடு போய்விடவில்லை.

கடைசியாக விளிம்புகள். பிரஷ்ஷின் நுனியால் கோடு போட முயன்றால் கை நடுங்கும், நேரமும் ஓடும். பக்கவாட்டில் சாய்த்து, கொஞ்சம் வெளிர் நிறத்தைத் தோள்பட்டை விளிம்பிலும் தலைக்கவச உச்சியிலும் இழுத்துவிடுங்கள். ஒரு வீரனுக்கு ஏழெட்டு இழுப்பு போதும்.

இந்த வழியின் பெரிய பலம் பிழை திருத்தம். துப்பாக்கிக் கறுப்பு கவசத்தில் பட்டுவிட்டதா? அதே நிறப் பெயிண்ட் ஒரு துளி வைத்து மூடிவிடலாம். இதற்காகவே ஸ்ப்ரேயும் புட்டியும் ஒரே நிறத்தில் ஜோடியாகக் கிடைக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பலவீனம் வானிலை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு தூவியது போலக் காயும். கேனை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விட்டுவிட்டு அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அடித்தால் செதுக்கிய நுணுக்கமெல்லாம் மூடிப்போகும்.

நெக்ரான் மாதிரியான எலும்புக்கூடு ரோபோக்கள் என்றால் இன்னும் சுலபம். வெள்ளி ஸ்ப்ரே, மேலே தாராளமாகக் கறுப்பு வாஷ், காய்ந்ததும் வெள்ளி டிரை பிரஷ் (பிரஷ்ஷில் பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் படும்படி லேசாகத் தேய்ப்பது), கண்ணுக்கு ஒரு பச்சைப் பொட்டு. இதைவிடச் சீக்கிரம் முடியும் படை அந்த விளையாட்டில் கிடையாது என்றே சொல்வேன்.

கான்ட்ராஸ்ட்: ஒரே பூச்சில் நிழலும் ஒளியும்

2019-இல் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் கான்ட்ராஸ்ட் பெயிண்டைக் கொண்டுவந்தபோது, அடி நிறம், நிழல், ஒளி மூன்றையும் ஒரே பூச்சில் முடிக்கலாம் என்பதுதான் விளம்பரம். அடிப்படையில் இது வாஷின் அண்ணன். நிறம் அடர்த்தி, ஆனால் ஊடுருவித் தெரியும். வெளிர் பிரைமர் மேல் பூசினால் மேடான இடத்தில் மெலிந்து பளிச்சென்றும் பள்ளத்தில் தேங்கி இருட்டாகவும் நிற்கும். இதற்கென்றே ரெய்த்போன் என்ற கிரீம் நிற ஸ்ப்ரேயும் கிரே சீர் என்ற வெளிர் சாம்பல் ஸ்ப்ரேயும் கூடவே வந்தன. சிவப்பு, மஞ்சள், தோல் நிறம் போன்றவை கிரீம் மேல் நன்றாக எடுக்கும். நீலமும் பச்சையும் சாம்பல் மேல் நன்றாக அமரும்.

துணி, உரோமம், செதில், தசை, எலும்பு. இவை எங்கே இருக்கின்றனவோ அங்கே கான்ட்ராஸ்ட் ராஜா. டைரனிட் போன்ற பூச்சி வேற்றுக்கிரகப் படைக்கு வேறு எதையும் நான் யோசிக்கக்கூட மாட்டேன். ஓட்டுக்கு ஒரு நிறம், சதைக்கு ஒரு நிறம், நகத்துக்கு ஒன்று, ஆள் ரெடி.

வழவழப்பான கவசத்தில்தான் வம்பு. வழிந்து இறங்கப் பள்ளம் இல்லாததால் தோள்பட்டையின் அடிப்பக்கத்தில் குளம் கட்டும், நடுவில் திட்டுத்திட்டாக நிற்கும். சமாளிக்க வழி உண்டு. பூசிய கையோடு பிரஷ்ஷைத் துடைத்து, அரை ஈரமாக்கி, தேங்கிய இடத்தில் நுனியை வைத்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பெயிண்ட் கொஞ்சம் காயத் தொடங்கிவிட்டால் மட்டும் கையை எடுத்துவிட வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைத் தொட்டால் உரிந்து, கீழே பிரைமர் எட்டிப்பார்க்கும். மெலிதாக்கத் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், கலவை பிரிந்து கறை விழும். அதற்கென்றே விற்கும் மீடியம் என்ற நிறமில்லாத திரவத்தைச் சேர்ப்பதே சரி. இவ்வளவு கவனமாகப் பத்துப் பேரின் இருபது தோள்பட்டைகளையும் கவனித்து முடித்த பிறகு, ஸ்ப்ரேயைவிட இது எந்த வகையில் வேகம் என்று கேட்கத் தோன்றும்.

ஒரு நிறத்துக்கு விதிவிலக்கு, மஞ்சள். சாதாரண மஞ்சள் பெயிண்ட் எதையும் மூடாது. மூன்று பூச்சு அடித்தும் அடியிலிருப்பது தெரியும். மஞ்சள் ஸ்ப்ரே கைவசம் இல்லாவிட்டால், கவசமே ஆனாலும் வெள்ளை பிரைமர் மேல் மஞ்சள் கான்ட்ராஸ்ட்தான் நேரத்தைக் காப்பாற்றும்.

பிழை நேர்ந்தால் இங்கே திருத்துவது கஷ்டம். நீலம் தவறிப்போய்ச் சிவப்பில் பட்டால், முதலில் பிரைமர் நிறத்தால் அந்த இடத்தை மூடி, காயவிட்டு, மறுபடி சிவப்பு பூச வேண்டும். அதனால் வெளிர் நிறங்களை முதலில் முடித்து, அடர் நிறங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக்கு ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஸ்பீட்பெயிண்ட் 2022-இல் வந்தது. முதல் பதிப்பில் ஒரு பெரிய சிக்கல். காய்ந்த பிறகும் மேலே ஈரப் பெயிண்ட் பட்டால் கரைந்து கலந்துவிடும். 2023-இல் வந்த 2.0 அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. பழைய சரக்கு யாராவது மலிவாகத் தள்ளினால், லேபிளில் 2.0 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயேஹோ நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் கலரும் இதே இனம்தான். மூன்றையும் ஒரே படையில் கலந்து பயன்படுத்தத் தடையில்லை.

ஸ்லாப்சாப்

கறுப்பு பிரைமர். அதன்மேல் சாம்பல் டிரை பிரஷ், அதன்மேல் இன்னும் லேசாக வெள்ளை டிரை பிரஷ். நிழலும் ஒளியும் கறுப்பு-வெள்ளையில் தயாராகிவிடும். பிறகு மேலே கான்ட்ராஸ்ட்டோ ஸ்பீட்பெயிண்ட்டோ பூசினால் நிறம் ஏறிக்கொள்ளும். பழைய உத்திதான், புதிய பெயிண்ட்கள் வந்ததும் புதுப் பெயரோடு பரவியது.

சீருடை, தோல்பை, பட்டை, முகம் என்று பலதும் கலந்த சாதாரணக் காலாட்படைக்கு இது அற்புதமாக அமையும். வார்ஹாமரின் சாதாரண மனிதச் சிப்பாய்களான இம்பீரியல் கார்டு வகையறாவுக்கு என்றே செய்தது போல. வெறும் கான்ட்ராஸ்ட்டில் வராத அழுத்தமான நிழல் இதில் கிடைக்கும். பூசாமல் விட்ட இடுக்குகள் கறுப்பாகவே நிற்பதால் தவறும் மறைந்துபோகும். மேக்கப் போடும் உருண்டையான மென்பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டால் பத்துப் பேருக்கும் டிரை பிரஷ் மளமளவென்று ஓடும்.

விலை என்னவென்றால் பளிச்சென்ற நிறம் போய்விடும். கறுப்பு அடியில் இருப்பதால் எல்லாமே ஒரு படி மங்கும், மஞ்சளோ பச்சை கலந்த அழுக்காக மாறும். சூடான நிறங்கள் வேண்டுமென்றால் கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பு பிரைமரில் தொடங்கி, கிரீம் நிறத்தில் டிரை பிரஷ் செய்யலாம், நிறைய வித்தியாசம் தெரியும். வழவழப்பான கவசத்தில் டிரை பிரஷ்ஷின் கீறல்கள் மேலே பூசும் நிறத்தின் ஊடாக அப்படியே தெரியும். போர்க்களத்தில் அடிபட்ட கவசம் என்று சொல்லிச் சமாளிக்கலாம், எதிராளி நம்புவது அவர் இஷ்டம்.

டிப்

இன்று கேட்பார் குறைந்துவிட்டாலும் இதைத் தள்ளிவிட முடியாது. எல்லா நிறங்களையும் நிழல் ஒளி எதுவும் இல்லாமல் தட்டையாகப் பூசிவிட்டு, சாயம் கலந்த வார்னிஷைக் கடைசியில் ஏற்றுவது. டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் நிறுவனம் குவிக்ஷேட் என்ற பெயரில் மூன்று அடர்த்திகளில் இதை விற்றுப் பிரபலமாக்கியது. பெயர் டிப் என்றாலும் டப்பாவுக்குள் முக்காமல், பழைய பிரஷ்ஷால் பூசி, தேங்கியதை ஒற்றி எடுப்பதே நல்லது.

பூச அதிக நேரம் எடுக்காது, காயத்தான் ஒரு நாள் முழுக்க வேண்டும். நெடி அடிக்கும், பிரஷ் கழுவ மினரல் ஸ்பிரிட் தேவைப்படும், ஜன்னலைத் திறந்து வைத்தே ஆக வேண்டும். முடிவில் பளபளவென்று நிற்கும், அதை மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து அடக்க வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது கல் மாதிரி உறுதியான மேற்பூச்சு. சிறுவர்கள் கையில் போகும் படை, பெட்டிக்குள் குவியலாகக் கிடக்கும் படை என்றால் இதற்கு ஈடு இல்லை. காக்கி, பழுப்பு, எலும்பு நிறங்களுக்கு நன்றாக ஒத்துவரும். வெள்ளை, வெளிர் நீலக் கவசங்களுக்கு வேண்டாம், எல்லாம் சேற்றில் புரண்டதுபோல ஆகிவிடும்.

டிப்பை விட்டால் மற்ற மூன்றும் கைபட்டு விளிம்புகளில் தேயும், கான்ட்ராஸ்ட் இதில் கொஞ்சம் மோசம். மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம்.

வழி எதுவானாலும் ஆள் ஆளாகச் செய்யாமல் நிறம் நிறமாகச் செய்யுங்கள். பாட்டில் மூடிகளில் இருபக்க டேப் ஒட்டி வீரர்களை நிறுத்தி, பத்துப் பேருக்கும் துப்பாக்கி, அப்புறம் பத்துப் பேருக்கும் பெல்ட். பத்தாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் ஏறக்குறையக் காய்ந்திருப்பான். பத்துக்கு மேல் போனால் சலிப்பு தட்டும், நடுவில் விட்டுவிடுவீர்கள். மிச்சம் பிடித்த நேரத்தை வீரன் நிற்கும் அடித்தட்டில் செலவழிக்கலாம். மணல்போலச் சொரசொரப்பாகக் காயும் மண் நிற டெக்ஸ்சர் பெயிண்ட், ஒரு டிரை பிரஷ், ஓரத்தைச் சுற்றிச் சுத்தமான கறுப்பு. ஓரம் பிசிறாக இருந்தால் மேலே எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் முடிக்காத வேலையாகவே தெரியும்.

டாங்கி, நடக்கும் எந்திரம் போன்ற பெரிய வாகனங்கள் படையில் இருந்தால், வீரர்களுக்குக் கான்ட்ராஸ்ட் பூசியவர்கள்கூட அங்கே ஸ்ப்ரேக்கு மாறிவிடுங்கள். அந்த அகலத் தகடுகளில் கான்ட்ராஸ்ட் திட்டு விழாமல் தப்ப முடியாது. ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஜெயிப்பார்கள். ஐந்து காலாட்களுக்காக மட்டும் அதை வெளியே எடுத்தால், கழற்றிக் கழுவி மாட்டும் நேரத்தில் ஸ்ப்ரே கேன் வைத்திருப்பவர் வாஷ் வரைக்கும் வந்திருப்பார்.