கந்தகத்தைத் தாங்க எந்தக் கார்பன்?

லித்தியம்-கந்தக பேட்டரியின் கேத்தோடுக்கு (கந்தகம் இருக்கும் நேர்முனைக்கு) கார்பன் தேடுபவர்கள் பெரும்பாலும் மேற்பரப்பளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். துளைகளின் கொள்ளளவை முதலில் பாருங்கள் என்பேன்.

கந்தகம் மின்சாரம் கடத்தாது. லித்தியம் சல்பைடாக மாறும்போது சுமார் 80 சதவீதம் பருக்கும். நடுவில் உருவாகும் பாலிசல்பைடுகள் (லித்தியம் சேர்ந்த கந்தகச் சங்கிலிகள்) எலக்ட்ரோலைட்டில், அதாவது அயனிகளைக் கடத்தும் திரவத்தில், கரைந்து லித்தியம் இருக்கும் ஆனோடு பக்கம் போய்விடும். இத்தனையையும் கார்பன்தான் சமாளிக்க வேண்டும்.

சின்னக் கணக்கு ஒன்று. கலவையில் 70 சதவீதம் கந்தகம் வேண்டுமானால் 1 கிராம் கார்பனுக்கு 2.33 கிராம் கந்தகம். பருத்த பிறகு அதற்கு ஏறத்தாழ 2 கன செ.மீ. இடம் தேவை.

இங்கேதான் மைக்ரோ துளை (2 நானோமீட்டருக்குக் கீழ்) திணறுகிறது. கொள்ளளவு கிராமுக்கு 0.6 கன செ.மீ. என்றால் கந்தகம் 41 சதவீதத்தோடு நின்றுவிடும். ஆனால் பிடிமானத்தில் இதை அடிக்க ஆளில்லை. அரை நானோமீட்டர் துளைக்குள் கந்தகத்தின் வழக்கமான எட்டு அணு வளையம் நுழையாது. குட்டைச் சங்கிலிகள்தான் இருக்கும். கரையும் நீளப் பாலிசல்பைடுகள் உருவாகவே வழியில்லை. அதனால், பாலிசல்பைடோடு வினைபுரிந்து கெட்டுப்போகும் கார்பனேட் எலக்ட்ரோலைட்டிலும் ஓடும். இதற்கு ஈடாக மின்னழுத்தம் கொஞ்சம் குறையும்.

மீசோ துளைக்கு (2 முதல் 50 வரை) நல்ல உதாரணம் சி.எம்.கே-3 என்ற, ஒழுங்காக அமைந்த துளைகள் கொண்ட கார்பன். 2009இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசரின் குழு இதில் கந்தகத்தை 155 டிகிரி செல்சியஸில் உருக்கி ஏற்றியது. அந்த வெப்பநிலையில் உருகிய கந்தகம் நன்றாக இளகி, தானாகவே துளைக்குள் ஊறும். 159 டிகிரியைத் தாண்டினால் சங்கிலிகளாகி சட்டென்று பாகுபோலக் கெட்டியாகிவிடும். 70 சதவீதம் ஏற்றியும் கிராம் கந்தகத்துக்கு 1,320 மில்லிஆம்பியர்-மணி வரை கிடைத்தது; கோட்பாட்டு உச்சம் சுமார் 1,675. குறை என்னவென்றால், துளைவாய் திறந்தே இருக்கிறது. கசிவு முழுதாக நிற்காது. அதனால்தான் அவர்களும் மேலே பாலிஎதிலீன் கிளைகால் என்ற பாலிமரைப் பூசிப் பார்த்தார்கள்; அந்த 1,320 கிடைத்தது பூசியதில்தான்.

மேக்ரோ துளையை (50 நானோமீட்டருக்கு மேல்) தனியாக நான் எடுக்க மாட்டேன். அயனி வேகமாக ஓடும், சரி. ஆனால் பாலிசல்பைடைப் பிடிக்காது, எலக்ட்ரோலைட்டையும் நிறையக் குடித்து எடையை ஏற்றும்.

என் தேர்வு, சுவர்களில் மைக்ரோ துளை உள்ள மீசோ கார்பன். கூடவே நைட்ரஜன் சேர்த்தது. வெறும் கார்பன் முனைவற்றது, பாலிசல்பைடு முனைவுள்ளது. நைட்ரஜன் இருந்தால் பிடி இறுகும். எதைத் தேர்ந்தாலும், சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிகிராம் கந்தகம், எவ்வளவு எலக்ட்ரோலைட் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 1 மில்லிகிராமில், தாராளமாக ஊற்றிய எலக்ட்ரோலைட்டில், சுமாரான கார்பனும் நன்றாகவே ஓடும்.