புற்றுச்செல்களின் ஒத்துழைப்பு: ஓர் இணையவழிப் பாடத்தொடரின் மதிப்புரை

புற்றுச்செல்களிடையே ஒத்துழைப்பு எவ்வாறு பரிணமிக்கிறது என்பதை விளக்கும் இணையவழிப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுமையாகக் கேட்டு முடித்தேன். காணொளி விரிவுரைகளோடு, கட்டியின் வளர்ச்சியைக் கணினியில் நாமே ஓட்டிப் பார்க்க ஒரு மென்பொருளும் தருகிறார்கள். விரிவுரைகள் கட்டணத்துக்குத் தகுந்தவை. மென்பொருளைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

பீட்டர் நோவெல் 1976இல் முன்வைத்த குளோன் பரிணாமக் கருத்தையும் (ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே கட்டியாக வளர்கின்றன என்பது), ஹனஹானும் வைன்பெர்க்கும் 2000இல் புற்றுநோய்க்கு வகுத்த ஆறு பண்புகளையும் முன்பே அறிந்தவர்கள் தொடக்கப் பாடங்களைத் தாண்டிச் செல்லலாம். ராபர்ட் ஆக்சல்ராட், டேவிட் ஆக்சல்ராட், கென்னத் பியன்டா ஆகியோர் 2006இல் எழுப்பிய கேள்வியை ஆசிரியர் கையிலெடுக்கும்போதுதான் தொடர் சூடுபிடிக்கிறது. புற்றாக மாறுவதற்குத் தேவையான மாற்றங்கள் அனைத்தையும் ஒரே செல் தனியாகச் சேர்த்துக்கொண்டாக வேண்டுமா? ஒரு செல் சுரக்கும் வளர்ச்சிக் காரணி, அதாவது செல்களைப் பெருகத் தூண்டும் பொருள், நெல்லுக்குப் பாயும் நீர் புல்லுக்கும் பொசிவது போல, அண்டைச் செல்களையும் சென்றடைகிறது. ஆகவே முழுமையாகப் புற்றாகாத செல்கள்கூட, ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று ஈடுசெய்ய, சேர்ந்து பெருக முடியும் என்பது அவர்களுடைய கருதுகோள்.

இதற்குச் சான்றாக, சுண்டெலிகளின் மார்பகக் கட்டிகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வை ஆசிரியர் நிதானமாக விளக்குகிறார். அக்கட்டிகளில் ஒருவகைச் செல்லில், செல் பெருக்கத்தை நெறிப்படுத்தும் ஹெச்-ராஸ் மரபணு பிறழ்ந்திருந்தது. பிறழாத மற்றொரு வகை வின்ட்-1 என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தது. கட்டி செழித்து வளர இரண்டும் தேவைப்பட்டன. இப்பாடத்தை மட்டும் இருமுறை கேட்டேன். ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லைக் கொண்டு செல்லுக்கு எண்ணம் இருப்பதாகக் கருதிவிடக் கூடாது என்று இங்கே எச்சரிக்கும் ஆசிரியர், அடுத்த பாடத்திலேயே செல்கள் ‘முடிவெடுப்பதாக’ப் பேசுவது சிறிய வேடிக்கை.

குறை மென்பொருளில் இருக்கிறது. எதையும் சுரக்காமல் பிறர் சுரப்பதை உண்டு வாழும் செல்கள், சுரப்பவற்றை ஏன் அடியோடு அழித்துவிடுவதில்லை என்பதே இத்துறையின் மையப் புதிர். கணையப் புற்றுச்செல்களையும் இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி-2ஐயும் கொண்டு ஆர்க்கெட்டி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இருவகைச் செல்களும் ஒருங்கே நிலைத்திருக்க முடிந்தது; காரணியின் அளவு கூடக்கூடப் பயனும் அதே வீதத்தில் கூடிக்கொண்டே போகாமல் ஒரு கட்டத்துக்குமேல் தேங்கிவிடுவது இதற்கு முக்கியமான காரணம். விரிவுரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. மென்பொருளோ பயன் நேர்விகிதத்தில் கூடுவதாகவும், செல்கள் எல்லாம் ஒன்றோடொன்று நன்கு கலந்திருப்பதாகவும் வைத்துக் கணக்கிடுகிறது. சுரப்பதற்கான செலவை எவ்வளவு குறைத்து ஓட்டினாலும், சில தலைமுறைகளில் சுரக்கும் செல்கள் மறைந்துபோயின. காரணி எவ்வளவு தொலைவு பரவும் என்பதை மாற்றவும் வழியில்லை. பாடத்தைக் கேட்காமல் மென்பொருளை மட்டும் இயக்கும் மாணவர், கட்டிக்குள் ஒத்துழைப்பே நிலைக்காது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

இரத்தத்தில் கொத்தாகப் பயணிக்கும் புற்றுச்செல்கள், தனித்துச் செல்பவற்றைவிடப் பன்மடங்கு எளிதாகப் பிற உறுப்புகளில் வேரூன்றுகின்றன என்ற செய்தி ஓரிரு நிமிடங்களில் கடந்துபோகிறது. அதற்குத் தனிப் பாடமே ஒதுக்கியிருக்கலாம். உயிரியல் பட்ட வகுப்பு மாணவர்கள் விரிவுரைகளை மட்டும் தனியாக வாங்க வாய்ப்பிருந்தால், அதையே தேர்ந்தெடுக்கலாம்.