ஒரே நாவல், இரண்டு படங்கள்: மேன்ஹன்டரா, ரெட் டிராகனா?

தொடர்கொலைகாரன் ஒருவனைத் துப்பறிவாளர் கிரஹாம் தேடும் கதையான தாமஸ் ஹாரிஸின் 1981 நாவல் ‘ரெட் டிராகன்’ இருமுறை படமானது. 1986இல் மைக்கேல் மான் எடுத்த ‘மேன்ஹன்டர்’ திரையரங்கில் சுருண்டது. 2002இல் பிரெட் ராட்னரின் ‘ரெட் டிராகன்’ வசூலை அள்ளியது. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே: டான்டே ஸ்பினோட்டி.

கிரஹாம் உதவி கேட்டுப் போகும், மனித மாமிசம் தின்ற மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டரின் சிறையைப் பாருங்கள். ராட்னர் படத்தில் அது இருண்ட நிலவறை. லெக்டராக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸ் ஒவ்வொரு சொல்லையும் சுவைத்துப் பேசுகிறார். மானின் படத்தில் கண் கூசும் வெள்ளை அறை, வெள்ளைக் கம்பிகள். அங்கே லெக்டரான பிரையன் காக்ஸ் அலட்டிக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேசுகிறார். சில நிமிடங்களில், துப்பறியும் கிரஹாம் எழுந்து வெளியே ஓடுகிறார். எனக்குப் பயம் வந்தது இங்கேதான்.

மயக்க மருந்து கொடுத்துக் கிடத்திய புலியைப் பார்வையற்ற பெண் தடவிப் பார்க்கும் காட்சி இரண்டிலும் உண்டு. மானின் படத்தில் அவள் அதன் மார்பில் காது வைத்துக் கேட்கிறாள். கிரஹாம் தேடும் கொலைகாரன் நின்று பார்க்கிறான்.

கதையின் முடிவில் நாவலை ஒட்டிப் போவது ராட்னர்தான். கதை முழுதாக வேண்டுபவர்கள் அதைப் பார்க்கலாம். மானின் படத்தில் வரும் சின்தசைசர் (மின்னணுக் கருவி) இசை சிலருக்குப் பழசாகத் தோன்றும். எனக்கு அதுவும் பிடிக்கும்.