இறாலும் சோறும்: தொக்கா, குக்கர் பிரியாணியா, தேங்காய்ப்பால் சோறா?

உரித்த இறால் அரை கிலோ இருக்கிறது, நாலு பேருக்கு ராச்சாப்பாடு முடிய வேண்டும் என்றால் நம்ம டெல்டா பக்கம் ஐந்து வழி உண்டு. தொக்கு வைத்துச் சோற்றில் பிசையலாம், குக்கரில் பிரியாணி போடலாம், தேங்காய்ப்பால் சோறு ஆக்கலாம், மதியம் மீந்த சோற்றைப் போட்டுப் பிரட்டலாம், இல்லை புளியைக் கரைத்துக் குழம்பாக்கிவிடலாம். செய்கிறவர்களைக் கேட்டால் ஐந்தையும் "ரொம்ப ஈஸி" என்றுதான் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. வேலை நாளுக்கு என் ஓட்டு தொக்குக்கு. விருந்தாளி வந்தால் தேங்காய்ப்பால் சோறு. குக்கர் பிரியாணிக்கு இருக்கிற பேர் அதன் தகுதிக்கு மீறியது என்பது என் கட்சி, கோபப்படுகிறவர்கள் படுங்கள்.

எல்லாச் சண்டையும் ஒரே இடத்தில்தான். இறால் வேக 3, 4 நிமிடம் போதும், பெரிய இறால் என்றால் 5. அரிசிக்கோ, ஊறுகிற நேரத்தைக் கணக்கில் எடுக்காமலே 15, 20 நிமிடம் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டால் யாராவது ஒருவர் காத்திருந்துதான் ஆக வேண்டும், காத்திருப்பது எப்போதும் இறால்தான். சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பாகி, உடம்பு பாதி வளைந்ததும் இறால் வெந்துவிட்டது. வாலும் கழுத்தும் ஒட்டுகிற மாதிரி முழுசாகச் சுருண்டுவிட்டால் கடந்துபோய்விட்டது, அதற்குப் பிறகு எவ்வளவு மசாலா போட்டாலும் ரப்பர்தான்.

அப்புறம் உரிக்கிற வேலை. "10 நிமிடத்தில் இறால் சாதம்" என்று சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. தலையோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்துக் கையில் நிற்பது ஏறக்குறைய அரை கிலோ. கவுண்ட் பார்த்து வாங்குங்கள்: 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால், 100 கவுண்ட் என்றால் 100. விலை குறைவு என்று 100 கவுண்ட் வாங்கினால் அந்த 100ஐயும் உரித்து, முதுகைக் கீறி, கறுப்புக் குடலை உருவுகிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு 40, 50 கவுண்ட் நடுவாந்திரமாக வரும். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்து ஆற்று இறால் கிடைத்தால் அதற்குத் தலை பெரிது, சதை இன்னும் குறைவாகத்தான் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க் கீழவாசல் மாதிரி பெரிய மீன் மார்க்கெட்டில் கூலி கொடுத்தால் உரித்தே கொடுப்பார்கள், கொடுத்துவிடலாம், ஆனால் தலையையும் ஓட்டையும் ஒரு பையில் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். வீட்டுக்குத் தலையோடு கொண்டுவந்தால் உடனே தலையை எடுங்கள், தலையில் இருக்கிற செரிமான நொதிகள் சதையைக் கரைக்க ஆரம்பிக்கும், கழுத்துப் பக்கம் சொதசொதவென்று ஆவது அதனால்தான்.

சரி, தொக்கு. இதில் அரிசியும் இறாலும் வேறு வேறு அடுப்பில் இருப்பதால் மேலே சொன்ன நேரச் சண்டையே கிடையாது. உரித்த இறாலில் மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் பிசிறி, தண்ணீர் ஊற்றாமல் ஒரு சட்டியில் போட்டு மூடி இரண்டே நிமிடம் வையுங்கள். அதுவே தண்ணீர் விடும். இறாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள், ருசி பாதி அதில்தான் இருக்கிறது. அதே சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, குழம்பு மிளகாய்த்தூள் என்று வரிசையாகப் போட்டு வதக்கி, இறால் தண்ணீரை ஊற்றி, எண்ணெய் பிரிந்து வரும்வரை சுண்டவிடுங்கள். அவசரப்பட்டால் பச்சை வாசனை போகாது, அதற்கு 15 நிமிடம் கொடுக்கத்தான் வேண்டும். கடைசியில்தான் இறால், இன்னும் இரண்டு நிமிடம், மிளகு இடித்துத் தூவி இறக்கிவிடலாம். மசாலா எவ்வளவு நேரம் சுண்டினாலும் இறால் மொத்தம் அடுப்பில் இருந்தது நாலே நிமிடம். குக்கரில் இந்த வசதி கிடையாது.

இன்னொரு சௌகரியம், தொக்குக்கு அரிசி பேதமே இல்லை. வீட்டில் பொன்னி புழுங்கல் இருந்தாலும் சரி, ஏடிடி 43 இருந்தாலும் சரி, ரேஷன் அரிசியானாலும் சரி, சூடாக வடித்த சோற்றில் இந்தத் தொக்கு ஒரு கரண்டி விழுந்தால் போதும். காரம் தின்னாத பிள்ளைக்கு ரசச் சோறு போட்டு ஓரத்தில் நாலு இறால் வைக்கலாம். ஒரே பாத்திரத்தில் ஆக்கிய சோற்றில் அந்தப் பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை.

குக்கர் பிரியாணிக்கு வருவோம். பரவலான முறை இதுதான்: மசாலா வதக்கு, இறாலைப் போடு, அரிசியைப் போடு, தண்ணீர் ஊற்று, மூடி இரண்டு விசில். உள்ளே அழுத்தம் ஏறினால் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி 120 பக்கம் போகும். சீரகச் சம்பா அதைத் தாங்கும், இறால் தாங்காது. ஆவி அடங்கும்வரை திறக்கவும் முடியாது, ஆக இறால் அங்கே கிடந்து வெந்துகொண்டே இருக்கும். திறந்து பார்த்தால் வாசனை தெருவைத் தூக்கும், வாயில் போட்டால்தான் விஷயம் தெரியும். கோழிக்கும் ஆட்டுக்கும் பொருந்துகிற முறையை அப்படியே இறாலுக்கு மாற்றியதால் வந்த வினை.

இதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. 20 நிமிடம் ஊறிய சீரகச் சம்பாவை, ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர் கணக்கில், இறாலே இல்லாமல் மசாலாவோடு ஒரு விசிலுக்கு விட்டு, இறாலைத் தனியே தவாவில் பிரட்டி, மூடியைத் திறந்ததும் கிளறி ஐந்து நிமிடம் மூடி வைக்கலாம். தண்ணீருக்குப் பதிலாக இறால் தலையையும் ஓட்டையும் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றை ஊற்றினால் இறால் இல்லாமல் வெந்த அரிசியிலும் இறால் மணம் ஏறியிருக்கும். பையில் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். நன்றாகவே வரும். ஆனால் குக்கர் ஒன்று, தவா ஒன்று, சாறு கொதித்த பாத்திரம் ஒன்று என்று மூன்று ஆகிவிட்டதே, "ஒரே பாத்திரம்" என்ற அதன் பெருமை எங்கே போனது? நியாயமாகச் சொன்னால் அதற்கு ஒரு நல்லது உண்டு, நாலு பேருக்கு ஆக்கினாலும் பத்துப் பேருக்கு ஆக்கினாலும் ஏறக்குறைய அதே உழைப்பு.

சாறு கொதிக்கிற பாத்திரத்தை விட்டுவிட்டால் தேங்காய்ப்பால் சோறும் ஒரே சட்டிச் சமையல்தான், ஆனால் இதில் மூடி நம் கையில் இருக்கிறது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சோற்றுக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. அடிகனமான சட்டியில் நெய்யும் எண்ணெயும் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு வதக்கி, ஒரு கப் சீரகச் சம்பாவுக்கு ஒரு கப் தேங்காய்ப்பால், ஒரு கப் இறால் தலைச் சாறு என்று ஊற்றி, உப்பைச் சரிபார்த்து அரிசியைப் போடுங்கள். தண்ணீர் வற்றி அரிசி மேலே தெரிய ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, மிளகும் மஞ்சளும் பிசிறிய பச்சை இறாலை மேலே பரப்பி, மூடி, தீயைச் சிம்மில் வைத்து தம். ஏழெட்டு நிமிடம் கழித்துத் திறந்தால் இறால் ஆவியிலேயே வெந்து, சாறெல்லாம் கீழே சோற்றில் இறங்கியிருக்கும். சந்தேகமாக இருந்தால் திறந்து ஒரு இறாலை எடுத்துப் பார்க்கலாம், எந்த விசிலும் நம்மைத் தடுக்காது. கொதியை முறுக்கினால் பால் திரியும், தக்காளியைக் கொட்டினாலும் திரியும், இரண்டையும் தவிர்த்தால் போதும்.

இதன் குறை வேறு இடத்தில். தேங்காயைத் துருவி, அரைத்து, பிழிய வேண்டும். டப்பாப் பால் வேலையைக் குறைக்கும், மணத்தையும் குறைக்கும். அதைவிட முக்கியம், சித்திரை வெயிலில் தேங்காய்ப்பால் சோறு சீக்கிரம் நொந்துவிடும். ஆக்கின வேளைக்குள் தின்று தீர்க்க வேண்டிய சாப்பாடு இது. மறுநாள் மதியத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம்.

மீந்த சோற்றில் பிரட்டுவதுதான் உண்மையிலேயே வேகமானது, இறால் உரித்து இருந்தால் 10 நிமிடம்கூட ஆகாது. ஆறி உலர்ந்த சோறு உதிரியாக நிற்கும், சூடான சோறு குழையும். ஃப்ரிட்ஜில் வைத்த சோறாக இருக்கட்டும், ராத்திரி முழுக்க வெளியே கிடந்த சோறு இதற்கு வேண்டாம். முதலில் இறாலைப் பிரட்டி எடுத்துவிட்டு, வெங்காயம், முட்டை, சோறு, கடைசியில் மறுபடி இறால். சோயா சாஸ் ஊற்றுகிறவர்கள் ஊற்றட்டும், மிளகும் சீரகமும் இடித்துப் போட்டால் எனக்கு அது போதும். ஃப்ரீசரில் வருகிற உரித்த இறால் பாக்கெட்டுக்கு இதுதான் தோதான இடம், பனி முழுக்கக் கரைந்து தண்ணீர் வடிந்த பிறகு மட்டும்.

குழம்பு காசுக்கு ஏற்றது. அதே அரை கிலோவில் முருங்கைக்காய், கத்திரிக்காய், மாங்காய் என்று எதையாவது சேர்த்தால் ஆறு பேர் சாப்பிடலாம், பொடி இறாலுக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. புளியும் காயும் கொதித்து முடிந்த பிறகு இறாலைப் போட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். மறுநாள் ருசி கூடும் என்று மீன் குழம்பை வைத்துச் சொல்வதை இறால் குழம்புக்குப் பாதிதான் ஏற்கலாம்: குழம்பு கூடும், இறால் ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் இறுகும்.

எந்த இறால் எதற்கு என்பதும் கொஞ்சம் உண்டு. வேதாரண்யம், சீர்காழி பக்கத்துக் குட்டைகளில் வளர்வது பெரும்பாலும் வனாமி, 2009ல் வளர்க்க அனுமதி கிடைத்த வெளிநாட்டு இனம். ஓடு மெல்லிசு, சதை மிருது, சீக்கிரம் வேகும். பிரட்டலுக்கும் தொக்குக்கும் அது தாராளமாகப் போதும். கடல் வெள்ளை இறால் கிடைக்கிற அன்றைக்கு அதை மசாலாவில் முக்கி மறைக்காமல் தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவருகிற கொஞ்சத்துக்கு விலை எகிறும், மார்க்கெட்டில் முக்கால்வாசி குட்டை இறால்தான். அப்போது கடல் இறால்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பிரியாணி போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அந்தத் தடைக்காலத்துக்கு ஆறாவதாக ஒரு வழியும் இருக்கிறது, காய்ந்த கூனி இறால். உரிப்பது, குடல் உருவுவது எதுவும் கிடையாது. மண்ணும் தூசியும் போகச் சலித்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்து வதக்கினால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. வறுக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுவது நல்லது.