நெல்லுக் கொட்டிலுக்கு எந்தப் பூனை?

காலபோக நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால், அடுத்த கிழமையே எலி வந்துவிடும். "ஒரு பூனைக்குட்டி தாங்கோ" என்று ஆட்கள் கேட்டு வருவதும் அப்போதுதான். கை பட்டு வளர்ந்ததா, பற்றைக்குள் வளர்ந்ததா, எது வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். எங்கள் வளவில் இரண்டும் உண்டு. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்.

வரியன் குசினிக்குப் பின்னால் விறகுக்குள் பிறந்தவன். மூன்றாவது கிழமையிலிருந்து என் மகள் அவனை நாளாந்தம் தூக்கித் தடவினாள். கறுவல் அடுத்த ஈற்று. தாய் அந்தக் குட்டிகளை வாய்க்கால் கரைப் பற்றைக்குள் கொண்டுபோய்விட்டது. நாலு மாதம் கழித்துத்தான் அவன் முகத்தைக் கண்டோம்.

எலி முன்னால் இரண்டு பேருக்கும் வித்தியாசமே இல்லை. மூட்டை இடுக்கின் முன் கல்லுப் போல் இருப்பார்கள். காது மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பும், வால் நுனி துடிக்கும், பின்னங்கால் ஒருமுறை நடுங்கும். பிறகு ஒரே பாய்ச்சல், பிடரியில் ஒரு கடி. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். வரியன் எலியை விறாந்தைக்குக் கொண்டுவந்து எங்களைக் கூப்பிடுவான். கறுவல் உழவு இயந்திரப் பெட்டிக்குக் கீழே போய் உறுமுவான். அவன் 'மியாவ்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படிக் கத்துவது குறைவு. பெரும்பாலும் அது மனிதரோடு பேசும் சத்தம்.

வளர்ப்பு வேறாக இருந்தும் எலி முன்னால் இரண்டு பேரும் ஏன் ஒரே மாதிரி என்பது, நாயோடு ஒப்பிட்டால் விளங்கும். ஓநாயை நாயாக்கி, காவலுக்கும் வேட்டைக்கும் மந்தைக்கும் என்று பொறுக்கி வளர்த்தது மனிதன். பூனை தானாக வந்தது. மேற்காசியாவில் தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலியின் பின்னால் ஆபிரிக்கக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரஸில் ஏறக்குறைய 9,500 ஆண்டுக்கு முந்திய புதைகுழியொன்றில் மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு பூனை கிடந்தது. அந்தத் தீவில் இயல்பாகப் பூனை இல்லை. யாரோ கடல் கடந்து கொண்டுபோயிருக்க வேண்டும். எலி பிடிக்க அதற்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை என்பதால், அந்தக் குணத்தை ஒருவரும் மாற்றவும் இல்லை. 2009 இல் நாங்கள் வெளிக்கிட்டபோது நாய் பின்னால் ஓடி வந்தது, பூனை வளவை விட்டு வரவில்லை. 2010 இல் திரும்பியபோது கூரையில்லாத சுவரில் அதே வரிகளோடு ஒன்று இருந்தது. எங்களைக் கண்டதும் பாய்ந்து மறைந்தது.

"சோறு வைத்தால் எலி பிடிக்காது" என்பது பிழை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனால் சோறும் சொதியும் மட்டும் அதற்குக் காணாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள சத்தில்லாமல் அதன் கண்ணும் இதயமும் கெடும். நான் இரண்டு பேருக்கும் சூடைமீன் தலை வைக்கிறேன்.

கறுவலால் வரும் கரைச்சல் வேறு. விசர் ஊசி போடப் பிடித்தபோது என் மணிக்கட்டைக் கிழித்தான். பிறகு ஊசி எனக்குத்தான். வரியனைச் சாக்கில் போட்டால் பேசாமல் இருப்பான்.

எலி மருந்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் ஆந்தையும் சாகும்.

சிலர் எங்கள் பக்கத்துக் காட்டுப்பூனையின் குட்டியையே தூக்கிவருகிறார்கள். நீண்ட கால், குட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர். அது ஆபிரிக்கக் காட்டுப்பூனை அல்ல, வேறு இனம். வீட்டுப்பூனையின் மூதாதையும் அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டியைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கோ.

ஆகவே என் தெரிவு வரியன் மாதிரியானதுதான். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் கை படாத குட்டி பிறகு மனிதரோடு சேர்வது கஷ்டம். அதற்காகத் தாயிடமிருந்து நேரத்தோடு பிரித்தால், தாய் கொண்டுவரும் எலியில் அது பழகவும் முடியாது. குட்டி தாயோடே இருக்க வேண்டும், நாங்கள்தான் அங்கே போய்க் கை வைக்க வேண்டும்.

இப்போது விறகுக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்து நாலு நாள். கேட்டவர்கள் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கோ.