டெல்ஃபி ட்ரீவியூ: நோடின் டேட்டாவில் எதைத் தொங்கவிடுவது?

மருந்துக் கடைக்கு எழுதிய பழைய டெல்ஃபி ப்ரோக்ராம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ட்ரீவியூவில் (கிளை கிளையாக விரியும் பட்டியல்) மருந்து மேலே, அதன் பேட்ச்கள் கீழே. ஒவ்வொரு வரியும் ஒரு நோடு; அதன் விவரத்தை அந்த நோடின் டேட்டாவில் தொங்கவிடலாம். பேட்ச்சுக்குக் காலாவதித் தேதியும் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு ஃபீல்டுதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் போனது.

காரணம், நான் தொங்கவிட்டிருந்தது ரெக்கார்டு, அதாவது சில ஃபீல்டுகளின் தொகுப்பு. டேட்டா என்பது வெறும் பாயின்டர், அதாவது மெமரி முகவரி: 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8. அது எதைக் காட்டுகிறது என்று நோடுக்குத் தெரியாது. மருந்துக்குச் சின்ன ரெக்கார்டு, பேட்ச்சுக்குப் பெரியது என்றான பிறகு, மருந்து நோடையே பேட்ச் என்று காஸ்ட் செய்தாலும் (அந்த டைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னாலும்) கம்பைலர் வாயைத் திறக்காது. ரெக்கார்டுக்கு அப்பால் கிடக்கும் பைட்களைத் தேதி என்று காட்டும். இன்னொரு ஓட்டையும் இருந்தது. நோடு அழியும்போது ஓடும் ஆன்டெலீஷனில் நோட்.டேட்டாவை அப்படியே டிஸ்போஸ் செய்திருந்தேன். ரெக்கார்டின் மெமரி திரும்பிவிடும். பாயின்டருக்கு டைப் இல்லாததால் உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங் தங்கிவிடும். சரியான பாயின்டர் டைப்புக்குக் காஸ்ட் செய்துதான் டிஸ்போஸ் செய்ய வேண்டும். மூடும்போது வந்த மெமரி லீக் பெட்டியில் யூனிகோடுஸ்ட்ரிங் என்று பார்த்த பிறகுதான் உறைத்தது.

அதே டேட்டாவில் ஆப்ஜெக்டை (தான் எந்த கிளாஸ் என்று தானே அறிந்தது) வைத்தால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. பொதுவாக ஒரு தாய் கிளாஸ், அதிலிருந்து மருந்து, பேட்ச். எது என்று 'இஸ்' போட்டுக் கேட்கலாம். டிஆப்ஜெக்ட் என்று காஸ்ட் செய்து ஃப்ரீ அழைத்தால் உரிய டெஸ்ட்ரக்டரே (அழியும்போது சுத்தம் செய்யும் பகுதி) ஓடும். ஆனால் பாதி நோடில் ரெக்கார்டு, பாதியில் ஆப்ஜெக்ட் என்று விட்டுவைக்காதீர்கள்; ரெக்கார்டிடம் 'இஸ்' கேட்டால் வெடித்துவிடும். நோடை அசைன் செய்தாலும் பாயின்டர் மட்டுமே நகலாகும், அப்புறம் ஒரே ஆப்ஜெக்டை இரண்டு முறை ஃப்ரீ செய்வீர்கள்.

ஆன்கிரியேட்நோட்கிளாஸ் வழியாக நோடின் கிளாஸான டிட்ரீநோடையே நீட்டிக்கவும் செய்யலாம். பார்க்க அழகு. டெஸ்ட்ரக்டரிலேயே சுத்தம் செய்துகொள்ளலாம். எனக்கு ஒத்துவரவில்லை: ட்ரீயை கிளியர் செய்தால் விவரமும் போய்விடும், என் பில்லிங் ஃபார்முக்கும் அதே பேட்ச் வேண்டும்.

வர்ச்சுவல் ட்ரீவியூ என்ற தனி கம்போனன்டில் ரெக்கார்டு நோடுக்குள்ளேயே உட்காரும். நோடுக்குள் எவ்வளவு இடம் என்று சொல்லும் நோட்டேட்டாசைஸில், ரெக்கார்டின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் போட்டிருந்தால் ஃபீல்டைச் சேர்த்து கம்பைல் செய்தால் போதும். ஸ்ட்ரிங் இருந்தால் ஆன்ஃப்ரீநோடில் அதை விடுவிக்கும் ஃபைனலைஸை மறக்கக் கூடாது. லட்சம் நோடு என்றால் யோசிக்காமல் இதுதான். பழைய ஃபார்மை மாற்றுவது என்றால் எழுத்தைக் காட்டுவதிலிருந்து எல்லாம் திரும்ப எழுத வேண்டும்.

நான் கிளாஸுக்கு மாறினேன். காலாவதியான பேட்ச் சிவப்பில் தெரியணும் என்று அடுத்த வாரமே கேட்டார்கள். பேட்ச் கிளாஸில் ஒரு ஃபங்ஷன், நோடை வரையும்போது ஓடும் ஆன்கஸ்டம்ட்ராஐட்டமில் இரண்டு வரி. டீ ஆறுவதற்குள் முடிந்தது.